இரவல் வாத்தியம்

இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் இரண்டு வகை நாணயம் உண்டு. வாங்கியபடியே கொடுப்பது ஒன்று. வாங்கியதைவிட மேலான நிலையில் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் உயர்ந்தது என்று நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை தலைதட்டி வாங்கினால், கொடுக்கும்போது குவித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் தாயாரின் சட்டம். சர்க்கரைக்கு அந்தச் சட்டம் சரி. சர்க்கரைக்கு உடையவரின் கை ஞாபகம் இராது. ஆனால் பேனா, தையல் மெஷின், வாத்தியம் என்று, பழகிப் பழகி ஒருவருடைய கைக்கென்றே ஆகிவிட்ட பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் அதே சட்டம் செல்லுமா?

இந்தச் சந்தேகத்தை என்னுள் கிளப்பியது ஒரு பேஸ் கிட்டார். என் தங்கை மகன் கல்லூரிக் குழுவில் வாசிப்பதற்காக அதை இரவல் வாங்கி வந்திருந்தான். பார்வைக்குச் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரிதான். ஆனால் நீளம் அதிகம், தந்திகள் நான்கே, அவையும் தடித்தவை. பாட்டில் இது ஒலிப்பதை யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். இளையராஜாவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் குரல் நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் இந்த வாத்தியத்தை இன்றைய உருவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வேடிக்கை. அதனாலேயோ என்னவோ, வாசிக்கிறவன் தன் கைக்கு ஏற்றபடி முடுக்கிக்கொள்ளட்டும் என்று ஆங்காங்கே திருகாணிகளை வைத்துவிட்டார். வம்பு அந்தத் திருகாணிகளில்தான் இருக்கிறது.

கொடுத்தவர் முப்பது வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பவர். கண் சிகிச்சைக்காக மூன்று மாதம் கச்சேரி இல்லை. “சும்மாக் கிடக்கிறதுக்கு நீ வாசி தம்பி” என்று கொடுத்துவிட்டார்.

பையன் முதல் நாள் முழுதும் ராகம் தாளம் ஒன்றும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். மெட்டு என்றால் வீணைத் தண்டியில் மெழுகில் பதித்திருக்கிறதே, அதே உறுப்புத்தான். இங்கே அது மரத்திலேயே அறைந்திருக்கும். ஓரிடத்திலும் தந்தி அதிர்ந்து மோதவில்லை. ஆனால் அழுத்தி அழுத்தி விரல் நுனி சிவந்துவிட்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே தந்தி நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. சாதாரணமாக இரண்டு, இரண்டரை போதுமாம்.

மறுநாள் அவன் நண்பன் ஒருவன் ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர் சகிதம் வந்து சேர்ந்தான். இந்த வேலைக்கு அவர்கள் பாஷையில் ‘செட்டப்’ என்று பெயர். வந்தவன் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாமே தப்பா இருக்கு” என்று தீர்ப்புச் சொன்னான். தந்தி உயரம் தப்பு. தந்திகள் பழசு, பளபளப்பும் இல்லை, கணீரென்ற ஓசையும் இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், பெரியவர் சந்தோஷப்படுவார் என்றான்.

‘தப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்பியது. என் ஆரம்ப நாட்களில் ஒரு பத்திரிகைக்கு நான் அனுப்பிய கதையில் ரிக்ஷாக்காரன் ஒருவன் வருவான். கதை அச்சாகி வந்தபோது, அவன் பேசிய ‘வந்துட்டேன்’ எல்லாம் ‘வந்துவிட்டேன்’ ஆகியிருந்தன. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ரிக்ஷாக்காரனும் இல்லை; அவன் இடத்தில் ஒரு தமிழாசிரியர் ரிக்ஷா இழுத்துக்கொண்டிருந்தார். திருத்தியவர் எனக்கு உபகாரம் செய்ததாகவே நினைத்திருப்பார்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1960-களில் அந்தக் கம்பெனி வெளியிட்ட எத்தனையோ புகழ்பெற்ற பாடல்களில் பேஸ் கிட்டார் அவருடையதுதான். அவர் வாத்தியத்தில் தந்திகள் மிக உயரத்தில் நிற்கும். மற்றவர்கள் எடுத்து வாசிப்பது பெரும்பாடு. தந்தி அறுந்தாலொழிய மாற்றவே மாட்டார். ஏறிப்போன அழுக்கும் தேய்மானமும்தான் அந்த மந்தமான, ஆழமான குரலைக் கொடுத்தன. நம் பையனின் நண்பன் அங்கே ஆலன் கீயோடு போயிருந்தால் ‘எல்லாமே தப்பு’ என்றுதான் சொல்லியிருப்பான். 1983-இல் ஜேமர்சன் காலமாவதற்குச் சற்று முன்பு அந்த வாத்தியம் திருடு போய்விட்டது. திருடியவன் முதல் வேலையாகத் தந்திகளை மாற்றியிருப்பான் என்று எனக்கு ஒரு ஊகம்.

அப்படியானால் இரவல் வாங்கியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? இதே கேள்வி 1961-இல் ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தில் எழுந்திருக்கிறது. பீட்டில்ஸ் குழு உலகப் புகழ் அடைவதற்கு முந்திய காலம். அதில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் உண்மையில் ஓர் ஓவியர். தம் படம் ஒன்று 65 பவுனுக்கு விலைபோன சமயத்தில், நண்பர்கள் தூண்டி அந்த வாத்தியத்தை வாங்கியவர். குழுவை விட்டு மறுபடி ஓவியத்துக்கே போனபோது, பால் மெக்கார்ட்னி தமக்கென்று ஒன்று வாங்கும்வரை தம்முடையதைக் கொஞ்ச நாள் இரவல் கொடுத்தார். ஒரு நிபந்தனை: தந்திகளை மாற்றிக் கட்டக் கூடாது. மெக்கார்ட்னியோ இடது கைக்காரர். வலது கைக்காரரின் வாத்தியத்தை அவர் பிடித்தால் தந்திகள் தலைகீழாக வரும். தடித்த தந்தி மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். அப்படியே வைத்துக்கொண்டு வாசித்தார்.

சட்க்ளிஃபை அற்பன் என்று சிலர் சொல்லக்கூடும். வாசிப்பை விட்டுவிட்டவருக்குத் தந்தி எந்த வரிசையில் இருந்தால் என்ன? நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டாததை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுத்தாரே, அது எவ்வளவு சௌகரியம்! நம் ஊரில் இரவல் கொடுக்கிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “உனக்கு எப்படி வசதியோ அப்படி வெச்சுக்கோப்பா” என்பார்கள். பிறகு வருஷக் கணக்கில் மனசுக்குள் வைத்துக் குமைவார்கள்.

“அவரையே கேட்டுவிடேன்” என்றேன் பையனிடம்.

“கேட்டா சரின்னுதான் மாமா சொல்வார். மாட்டேன்னு சொல்லவே வராது அவருக்கு” என்றான்.

அவன் சொன்னது உண்மை. மறுக்கத் தெரியாதவரிடம் அனுமதி கேட்பது அனுமதியைப் பறிப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ‘மாற்றிக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டால் அவர் தாட்சண்யத்துக்குப் பதில் சொல்வார். ‘இது இப்படி இருப்பது நீங்கள் வைத்ததா?’ என்று கேட்டால் வாத்தியத்தைப் பற்றிப் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

கேட்பதற்கு முன் பையன் இன்னொன்றையும் பார்த்து வைத்தான். தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்தி, நடுவே எட்டாவது மெட்டுக்கு மேல் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்ப்பது வழக்கமாம். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் கழுத்து சரியாக இருக்கிறது. இங்கே நாலு கார்டு சேர்ந்து நுழைந்தது. நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட பளுவோடு கழுத்தை இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்கிறார்கள். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் மரம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொடுத்திருக்கிறது. அந்தக் கம்பியை யாரும் முடுக்கவில்லை.

பெரியவர் போனில் சொன்ன பதில் இரண்டு துண்டாக வந்தது. “தந்தி ஒசரமா? நான் வெச்சதுதான். நான் ஓங்கி அடிக்கிறவன், தாழ இருந்தா மெட்டுல பட்டுச் சளசளன்னும்.” கழுத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. “வளைஞ்சிருக்கா? அடடா, நாலஞ்சு வருஷமா அதைப் பார்க்கவே இல்லையே! அதை நிமிர்த்திடு தம்பி.”

ஆக, உயரம் அவருடைய இஷ்டம். வளைவு அவர் பார்க்கத் தவறியது. வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு இரண்டும் ஒரே கோளாறாகத்தான் தெரிந்தன.

பையன் கால் சுற்று முடுக்கி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் இன்னொரு கால் சுற்று முடுக்கினான். மரத்துக்கு அவகாசம் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கழுத்து நிமிர்ந்ததும் தந்தி தானாகவே மூன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டது. உயரம் மாறினால் சுதியும் அசையும். ஆகவே பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை இலேசாகத் தொட்டு எழும் ஓசையையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஓசையையும் ஒப்பிட்டு, குதிரையில் தந்தியைத் தாங்கும் சிறு துண்டுகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. இரவல் பொருளில் ‘இதை மட்டும்’ என்பது கிடையாது போலிருக்கிறது. எந்தத் திருகாணி, எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று ஒரு காகிதத்தில் எழுதி உறைக்குள் போட்டான்.

திருப்பிக் கொடுக்கும்போது கழுத்து நிமிர்ந்தபடியே இருக்கட்டும், தந்தியை மட்டும் நான்கு மில்லிமீட்டருக்கு ஏற்றிவிடு என்று நான் சொன்னேன். நண்பனுக்கு அது பொறுக்கவில்லை. “தானா சரியானதை நாமளே கெடுத்துக் கொடுக்கறதா சார்?” என்றான். அவனுக்கு நான் சொன்ன பதில் அவனைத் திருப்திப்படுத்தவில்லை. இன்னும் சிறிது வயதானால் படுத்துமோ என்னவோ.

தந்திகள் விஷயம்தான் மிச்சமிருக்கிறது. அவற்றை மாற்றவில்லை. ஆனால் நான்கில் மெல்லியதான தந்தி முறுக்காணிக்கு அருகே துருவேறியிருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் அறுந்தாலும் அறுந்துவிடும். அறுந்தால் புதிது வாங்கிப் போடத்தான் வேண்டும். அப்போது மூன்று தந்திகள் அவர் குரலில் பேசும், ஒன்று மட்டும் கடைக் குரலில் கணீரென்று பேசும். நான்கையும் மாற்றுவதா, ஒன்றோடு நிறுத்துவதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். எப்படிக் கேட்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான்.