பெற்றோராக ஆயத்தம்

பிள்ளை பெற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டோமா என்பது நெடுங்காலம் யாரும் கேட்காத கேள்வி. பிராமணன் ஒருவன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டவன் என்கிறது தைத்திரீய சம்ஹிதை. அதில் பித்ருக் கடன் மக்களைப் பெறுவதால்தான் தீர்கிறது. புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லையென்றால் எத்தனை செல்வமிருந்தும் வாழ்ந்த பயன் இல்லை என்கிறார். கடன், பேறு ஆகிய இந்த இரண்டு எண்ணங்களும் இன்னும் மங்கவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம் ஆவதற்குள் உறவுக்காரர்கள் மருமகளிடம் “ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்பதில் இரண்டும் கலந்திருக்கின்றன.

இது முடிவெடுக்க வேண்டிய விஷயம், அந்த முடிவு பெண்ணுடையது என்று தமிழில் உரக்கச் சொன்னவர் பெரியார். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்க, தாம் பெண் விடுதலைக்காக ஆதரிப்பதாக ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் எழுதினார்.

முடிவெடுக்கும் உரிமை கிடைத்த பிறகும், எதை வைத்து முடிவெடுப்பது என்ற சிக்கல் மிஞ்சுகிறது. அமெரிக்கத் தத்துவவாதி எல். ஏ. பால் 2014இல் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் எக்ஸ்பீரியன்ஸ்’ இதைக் கூர்மையாக முன்வைத்தது. வேலை மாறுவதையோ வீடு மாறுவதையோ ஓரளவு கற்பனை செய்து பார்த்து லாபநட்டம் கணக்கிட முடியும். தாயாவதும் தந்தையாவதும் எப்படியிருக்கும் என்பது ஆன பிறகே தெரியும். தெரியவரும் நேரத்தில் அந்த ஆளின் விருப்பங்களும் மாறிவிட்டிருக்கும். அக்காள் பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்வது இதற்கு ஒத்திகை ஆகாது. அழுதால் அது தன் தாயிடம் போய்விடும். ஆகவே ‘எனக்கு மகிழ்ச்சி கிடைக்குமா?’ என்று கேட்டு இந்த முடிவுக்கு வர இயலாது என்கிறார் பால். மற்ற பெற்றோரின் அனுபவம் உதவாதா என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் ஊரார் அனுபவம் ஒருவருடைய அனுபவத்துக்கு உறுதி தராது.

பாலின் வாதம் ஒரு வகைக் காரணத்தைத்தான் பறிக்கிறது. வேறு வகைக் காரணத்தை இம்மானுவேல் காண்ட் 1797லேயே காட்டியிருந்தார். சம்மதம் கேட்காமல் ஓர் உயிரை உலகுக்குக் கொண்டுவருபவர்கள், அந்த உயிர் தன் நிலையில் நிறைவுகாண இயன்றதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். பிறப்பித்தலே தீங்கு என்று 2006இல் தத்துவவாதி டேவிட் பெனட்டர் எழுதியதை ஏற்பவர்கள் சிலரே. ஆயினும் காரணம் சொல்லும் பொறுப்பு பெறுபவர்மேல் விழுகிறது என்ற மட்டில் அதையும் மதிக்க வேண்டும்.

கேள்வி கடமைக்குத் திரும்பியதும் முன்கூட்டியே சோதிக்கக்கூடியவை நிறையத் தென்படுகின்றன. பச்சைக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும். இரவில் யார் எழுந்திருப்பது? யாருடைய வேலை நிற்கும்? எல்லாவற்றிலும் கடுமையான சோதனை இது: மகன்தான் வேண்டும், அவன் டாக்டராக வேண்டும் என்று முன்பே உருவம் வரைந்து வைத்திருப்பவர், மூளை வளர்ச்சி குன்றிய மகள் பிறந்தால் அவளையும் தன் பிள்ளையாக வரவேற்பாரா? தயங்குகிறவர் இன்னும் ஆயத்தமாகவில்லை.

தத்தெடுப்பவர்களிடம் இவற்றில் சிலவற்றை இந்தியச் சட்டம் நேரடியாகவே கேட்கிறது. தம்பதியர் குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்வு நடத்தியிருக்க வேண்டும். உடல், மனம், வருமானம் பார்க்கப்படும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து அறிக்கை எழுதுவார். எல்லாப் பெற்றோருக்கும் உரிமம் வேண்டும் என்று 1980இல் தத்துவவாதி ஹ்யூ லாஃபாலெட் வாதிட்டார். அந்த அதிகாரம் அரசின் கைக்குப் போனால் முதலில் அடிபடுபவர்கள் ஏழைகளாகத்தான் இருப்பார்கள்.

ஆயத்தத்தைத் தனிமனிதரின் தலையில் மட்டும் சுமத்துவதும் சரியாகாது. புறநானூறு 312இல் பொன்முடியார் பெற்று வளர்ப்பதைத் தாய்க்கும், சான்றோனாக்குவதைத் தந்தைக்கும், வேல் வடிப்பதைக் கொல்லனுக்கும், நன்னடையை வேந்தனுக்கும் கடமையாகப் பகிர்கிறார். போருக்கு ஆள் வளர்க்கும் பாட்டுதான் அது; ஆனாலும் வளர்ப்பில் ஊருக்கும் அரசுக்கும் பங்கு வைக்கிறது. இந்திய மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வார ஊதிய விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கு இவை பெரும்பாலும் எட்டுவதில்லை. அவள் ‘இப்போது வேண்டாம்’ என்று சொன்னால், அதில் பாதிக் காரணம் அவளுக்கு வெளியே இருக்கிறது.