அன்பின் பொருட்டுப் பொய் உரைக்கலாமா?

மக்களின் நலம் கருதிப் பெற்றோர் பொய் சொல்லலாமா? வினா பழையது, எனினும் விடை எளிதன்று. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1949ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘பான்ஷுன்’, அதாவது ‘இளவேனிலின் இறுதி’ என்னும் திரைப்படம் இவ்வினாவையே நம்முன் வைக்கிறது.

காமகுரா நகரில் மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர் வாழ்கிறார். அவருக்குத் துணை 27 வயது மகள் நொரிகோ. தந்தையைப் பேணுவதிலேயே நிறைவு கண்ட அவள், மணம் வேண்டாம் என்கிறாள். தாம் மறைந்தபின் மகள் தனித்து நிற்பாளே என்று தந்தை கலங்குகிறார். தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அவளை நம்பச் செய்கிறார். மனம் நொந்த மகள் மணத்திற்கு இசைகிறாள். மணநாள் இரவில் அவளுடைய தோழியிடம், தம் வாழ்நாளிலேயே தாம் சொன்ன பெரும்பொய் அதுதான் என்கிறார் தந்தை. பின்னர் வெறிச்சோடிய வீட்டில் அமர்ந்து ஆப்பிள் பழமொன்றின் தோலைச் சீவுகிறார். தோல் நழுவி விழுகிறது; தலை கவிழ்கிறது.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யாகக் கருதப்படும் என்று வரம்பு வகுத்தார் வள்ளுவர். இங்கு விளைந்த நன்மை குற்றமற்றதா?

தந்தைக்காகப் பேசுவோர், அப்பொய்யால் அவர் அடைந்தது தனிமை ஒன்றே என்பர். உண்மையைச் சொல்லியிருந்தால் மகள் இரக்கத்தால் கட்டுண்டு அங்கேயே இருந்திருப்பாள். தன்னலத்திற்குச் சொல்லும் பொய்யோடு இதனை ஒருங்கு வைத்தல் தகாது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. திருமணம் மணமக்கள் இருவரின் இசைவை மட்டுமே அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்று 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பு வகுத்தது. குடும்பத் தலைவரின் ஆணை நீங்கிற்று. இக்கதையிலோ அவ்விடத்தில் அவரது பொய் வந்து அமர்ந்தது. உண்மை அறியாதவள் தரும் இசைவு முழு இசைவாகுமா?

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. “எங்களுக்கு என்ன குறை? நீங்கள் நன்றாக இருங்கள்” என்று நம் பெற்றோர் கூறிய சொல்லைக் கேட்டுத்தான் நாம் புகைவண்டி ஏறினோம். அதனை நாம் நம்பினோமா, நம்ப விரும்பினோமா? இன்று நம் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறும் வேளையில் அதே சொல்லை நாமும் சொல்ல ஆயத்தமாகின்றோம்.

அத்தந்தையை வணங்குவோம், எனினும் அவர் பொய்யை மெய் என்று கொள்ள நம் உள்ளம் இசையவில்லை. பிள்ளைகள் செல்லட்டும், நம் தனிமையையும் அறிந்தே செல்லட்டும். “குறையில்லை” என்று ஊரிலிருந்து வரும் சொல்லை அத்துடன் விட்டுவிடாமல், மீண்டும் ஒருமுறை கேட்போம். வளர்ந்த மக்களின் கடன் அதுவே.