தவ்பாவிற்குப் பின் வரும் நாட்கள்



மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். குடிப்பவருக்கு உபதேசம் செய்யப் பலர் உண்டு. ஆனால் குடியை விட்டுவிட்டு, வெட்கத்தோடு பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் வந்து நிற்கிறாரே ஒருவர், அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதை எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு.

ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. சம்பள நாளன்று அவர் நேரே போய் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருந்தது. இன்று அவர் அங்கே போகவில்லை. கையில் பால்கோவாப் பொட்டலத்துடன் வீட்டுக்கு வருகிறார். வீட்டில் நடப்பது என்ன? மனைவி பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்க்கிறாள். சட்டைப் பையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்க்கிறாள். பிள்ளையோ "அத்தா" என்று ஓடி வராமல், கதவோரம் நின்று முகத்தையே பார்க்கிறது. அவர் மனம் நொறுங்கிப் போகிறது.

அந்த மனைவியைக் குறை சொல்ல முடியுமா? பத்து வருடம் அடிபட்ட மனம் பத்து நாளில் ஆறிவிடாது. அல்லாஹ் தவ்பாவை உடனே ஏற்றுக்கொள்ளக்கூடியவன். அவன் உள்ளத்தை அறிகிறான். மனிதர்களோ நடத்தையைப் பார்த்துத்தான் நம்புவார்கள். அதற்கு நாளாகும். குடியை விட்டவர் இந்த உண்மையைக் கோபப்படாமல் ஏற்க வேண்டும். இதுவும் ஸப்ரில் ஒரு வகையே.

வீட்டாரும் ஒன்றை அறிய வேண்டும். பல ஆண்டுகள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அதன் பின்னரும் பல மாதங்கள் தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத துக்கம் ஆகியவை வந்து போகும். மதுவுக்குப் பழகிய மூளை பழைய நிலைக்குத் திரும்பும் காலம் அது. இதை அறியாமல், "குடிக்கும்போதே நீங்கள் நல்லபடியாக இருந்தீர்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். அவரை மீண்டும் கடைக்கு அனுப்ப அந்த ஒரு சொல் போதும்.

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகப் பலமுறை தண்டனையும் பெற்றார். அவரை ஒருவர் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். இன்னொரு சமயம், குடித்துத் தண்டனை பெற்றவரை அல்லாஹ் இழிவுபடுத்தட்டும் என்று ஒருவர் ஏசினார். அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என நபியவர்கள் எச்சரித்தார்கள். குடித்தவர் விஷயத்திலேயே இப்படியென்றால், விட்டவரைப் பழைய பட்டப்பெயர் சொல்லி அழைப்பவர் யாருக்கு உதவுகிறார்? சிந்தியுங்கள்!

மதுவைப் பற்றிய இறைக்கட்டளையும் படிப்படியாகவே இறங்கியது. அதில் தீமையே அதிகம் என முதலில் உணர்த்தப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என வந்தது. அதன் பிறகே முழுத் தடை. அன்று மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியது. இன்று நமக்கு ஹராமில் தவணை இல்லை. ஆனால் காயப்பட்ட மனம் ஆறத் தவணை உண்டு.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, குடிப்பழக்கத்தால் கணவரை இழந்தவர். துக்கத்தோடு முடங்கிவிடாமல் 1980-இல் போதை மீட்பு மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளிக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குடும்பமும் சேர்ந்து குணமாக வேண்டிய நோய் இது என்பதற்கு அவர் பணியே சான்று. நாமும் மருத்துவ உதவியை நாட வெட்கப்படக் கூடாது. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்கள் நம் நாயகமன்றோ! 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

ஜமாஅத்தார்களே! அவருக்குப் பள்ளியில் ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். இஷாவுக்குப் பின் தனியே விடாமல் கூட நடந்து வீடு வரை செல்லுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் கூடும் வேளையில்தான் பழைய ஆசை தலைதூக்கும். ஒருவேளை அவர் மீண்டும் சறுக்கினால், "எல்லாம் வேஷம்" எனக் கைவிட்டுவிடாதீர்கள். மருத்துவரிடமும் தவ்பாவிடமும் திரும்ப அழைத்து வாருங்கள். ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதே இறைவாக்கு.

இப்பாதையின் பலன் பெரிது. சுபுஹு நேரத்தில் தெளிந்த தலையோடு எழுவார். தான் ஓதுவது இன்னதென்று உணர்ந்து தொழுவார். சோற்றின் ருசி திரும்பும். ஒருநாள் மனைவி பையை எண்ணாமலே சட்டையைத் துவைக்க எடுத்துச் செல்வாள். கதவோரம் நின்ற பிள்ளை மடியில் வந்து அமரும். மனந்திருந்தி நற்செயல் புரிவோரின் தீமைகளை நன்மைகளாக மாற்றுவதாக வாக்களித்த ரப்பு, அந்த வீட்டையும் மாற்றித் தருவான்.

யா அல்லாஹ்! விட்டவர்களை உறுதிப்படுத்துவாயாக! அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் கரங்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.