ஊழும் திருவுளமும்: கிறித்தவச் சரணாகதி குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

2004 டிசம்பர் 26, கிறித்துப் பிறப்பு விழாவிற்கு மறுநாள். சுமத்ரா அருகே தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்திற்குக் கடலடி நிலம் பிளவுற்றதால் எழுந்த ஆழிப்பேரலை, கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. உயிர் பிழைத்தோருள் பலர் அன்று போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அந்நகரின் லம்பா லைன் முதலிய பகுதிகளில் வாழும் தமிழர்க்கு இத்துயரம் அயலாருடையது அன்று. பெரும்பான்மையும் கிறித்தவராகிய கார் நிக்கோபார் மக்களிடையே அச்சமயம் வேரூன்றப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உழைத்தவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சனே பின்னர் ஆயராகிப் புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் தந்தவர். இத்தகைய பேரழிவின்முன் ‘எல்லாம் திருவுளம்’ என்று கூறுவது நம்பிக்கையா, அன்றிப் பிறர் துயரைக் கடந்துபோகும் எளிய வழியா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஊழும் திருவுளமும்

ஊழிடம் முறையிட இயலாது, அதற்குச் செவியில்லை. திருவுளமோ ஒருவருடைய உளம். ஆதலின் அதனிடம் மன்றாடலாம், வழக்காடலாம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு முதலில் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டுமென்றே வேண்டினார்; அதன் பின்னரே தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்திற்குக் கையளித்தார். மன்றாட்டு இன்றி அங்குச் சரணாகதி இல்லை.

சரணாகதி தமிழ்மண்ணுக்குப் புதிய கருத்தன்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி என்னும் உவமைகளால் வைணவர் இதனை நுணுகி விவாதித்தனர். அம்மரபில் வளர்ந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகத்தில் மீட்பை நெடும்பயணமாகப் பாடினார். அருளே அழைத்துச் செல்லினும் நடக்கவேண்டியவன் பயணியே என்பது பயணம் என்னும் உருவகத்திலேயே அடங்கியுள்ளது.

சொல்பவர் யார்?

யோபு தன் இழப்பைக் குறித்து இறைவனிடம் பணிந்தும் பேசினான், கடிந்தும் பேசினான். அவன் துயருக்குக் காரணம் கற்பித்த நண்பர்களையே இறைவன் கண்டித்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோர் ஏனையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என்றார் இயேசு. அதே 2004 பேரலையின்போது வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதைத் திருவுளம் என வியந்தோர் உண்டு. ஆனால் அக்கரையிலேயே திருப்பயணியர் பலர் மாண்டனர். கட்டடம் காக்கப்பட்டதற்குக் காரணம் அறிந்தவராகப் பேசுவோர், மாண்டவர்க்கும் காரணம் கூறக் கடமைப்பட்டவராவர். அது மனிதர்க்கு இயலாது.

இங்ஙனம் கொண்டால் இறைவனின் ஆட்சி சுருங்கிவிடாதா என வினவலாம். சுருங்காது. அனைத்தும் இறைவன் கையில் உள்ளது என நம்புவது வேறு. அவர் ஏன் இவ்வாறு செய்தார் என்பதை நான் அறிவேன் என்பது வேறு. முன்னது பணிவு, பின்னது செருக்கு.

முடிவுரை

‘உம் திருவுளப்படி ஆகுக’ என்பது தன்மையிடத்துக்குரிய சொல். துயருற்றவர் தம் துயரைக் குறித்துக் கூறும்போது அது வழிபாடாகின்றது. அருகில் நிற்பவர் அவரைக் குறித்துக் கூறும்போது தீர்ப்பாகின்றது. அருகில் நிற்பவர்க்கு உரியது விளக்கமன்று, தொண்டு. ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை இங்கு எண்ணத்தக்கது. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. அத்தகைய முயற்சி இறைநம்பிக்கையின் குறைபாடு அன்று. பிறர் உயிரை இறைவன் தந்த பொறுப்பாக ஏற்றலும் அவர் திருவுளத்திற்குப் பணிதலேயாகும்.