குறிகட்டுவானுக்கு அப்பால் ஒரு கணக்கு

தலைக்கு எவ்வளவு செலவு என்று பார்த்தால், நெடுந்தீவாரை எண்ணாமல் விடுவதே சிக்கனம். யாழ்ப்பாணத் தீவகத்தில் நாலாயிரம் பேரளவில் வாழும் தீவு அது. கணக்கெடுப்பவர் உள்ளூராளாகவே இருந்தாலும், பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் யாராவது குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். வாடைக்காற்று மூர்க்கமானால் அன்றைய பயணம் இல்லை. 2021இல் வந்திருக்க வேண்டிய தொகைமதிப்பு, கொரோனாவாலும் பொருளாதார நெருக்கடியாலும் தள்ளிப்போய் 2024இல் நடந்தது. திறைசேரி இருக்கிற இருப்புக்கு இது தேவையா, அந்தக் காசில் குடிதண்ணீருக்கு வழி செய்யலாமே என்று உவர்க் கிணறுகளோடு வாழ்கிறவர் கேட்டால் அதை விதண்டாவாதம் என்று தள்ள முடியாது.

ஆனால் எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தீவகம் அனுபவித்தே அறிந்திருக்கிறது. 1981க்குப் பிறகு 1991இல் தொகைமதிப்பே இல்லை. 2001இல் இலங்கையின் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே அது முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அதில் இல்லை. அடுத்தது 2012. இந்த 31 ஆண்டு இடைவெளிக்குள்தான் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் போரால் வெறிச்சோடின. எத்தனை குடும்பம் போனது, எத்தனை திரும்பியது என்பதற்கு ஊகங்கள் உண்டு. அந்த நேரத்தில் வீடுவீடாகப் போய் எடுத்த தொகைமதிப்பு இல்லை. செலவு மிச்சம்தான்.

பணத்தைக் காட்டிச் சொல்லும் மறுப்பு இங்கே நிற்காது. அச்சத்தால் வரும் மறுப்பு வேறு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் ஏறியது வரிக்கும் ஊழியத்துக்கும். 2011 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் குடும்பங்களைப் படம் எடுத்துப் பதிந்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போன பிறகு, அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. மறு ஆண்டே தொகைமதிப்பு வந்தது. வீட்டில் யார் யார், என்ன வயது? கேள்விகள் ஏறக்குறைய அவைதான். வாசலில் நிற்பவரின் உடுப்பு மட்டும் வேறு. பதில் சொல்லாதது சட்டப்படி குற்றம். ஆனால் அந்த வேறுபாட்டை நம்பவைப்பது, படலையைத் திறப்பவரின் பொறுப்பா, கேட்க வருபவரின் பொறுப்பா?

இதுபோன்ற அச்சத்தால்தான் மேற்கு ஜெர்மனியில் 1983இல் கணக்கெடுப்பைப் புறக்கணிக்க மக்கள் கிளம்பினார்கள். அரசியலமைப்பு நீதிமன்றம் கணக்கெடுப்பைத் தவறு என்று சொல்லவில்லை. அதில் கிடைத்த விபரங்களைக் கொண்டு வதிவிடப் பதிவேடுகளைத் திருத்தும் ஏற்பாட்டைத்தான் வெட்டியது. எண்ணுவதற்காகச் சொன்ன பதில் எண்ணாகவே இருக்க வேண்டும், ஆளைத் தேடும் முகவரியாகிவிடக் கூடாது. தீவகத்தில் இவை இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் முதலில் எழும்ப வேண்டும். குடிமகனின் கடமையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

மதில் எழும்பினாலும் தீராத இடம் ஒன்று உண்டு. 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் படையினர் கொண்டுபோய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இருக்கின்றன. வழமையாக இந்த வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? மூன்று என்றால் தாய் தன் வாயாலேயே மகனை இல்லையென்று ஆக்குகிறாள். நாலு என்றால் கணக்குப் பிழை. விதி மூன்றைத்தான் ஏற்கும், ஏற்கவும் வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் கணக்கெடுப்பவர் திண்ணையில் அரைமணி நேரம் இருந்து அவள் சொல்வதைக் கேட்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கூலி பேசி அனுப்பப்பட்டவருக்கு அந்த அரைமணி நேரம் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் காசு ஒதுக்க வேண்டும்.