பிள்ளை எழுந்தால் தறி நிற்குமா?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்று தனித்தனி ஊடை (குறுக்கிழை) கொடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இழையோடு இழை பூட்டி நெய்வதே கோர்வை. அதற்கு ஊடையை ஏந்திச் செல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டு கைகள்தான். ஒரு பக்கக் கரையின் நாடாவை ஓட்டித் தர இன்னொரு கை தேவைப்படுகிறது. பல தலைமுறைகளாக அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கையாக இருந்தது.

காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள முசரவாக்கம் போன்ற ஊர்களிலும் மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டப்படும்போது எழும் அறக்கேள்வி, தறியின் ஓரத்தில் இருக்கும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. விடுமுறையிலும் பிள்ளை வீட்டில் எதையாவது கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதைக் கற்பது, யாருடைய நன்மைக்காகக் கற்பது என்பதே கேள்வி.

சட்டம் ஓர் எல்லை வரை பதில் சொல்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாதவரை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது. அபாயகரமானவை என்று பட்டியலிட்ட தொழில்கள் நீங்கலாக, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்பத் தொழிலுக்கு உதவலாம். உதவி எங்கே முடிந்து உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டுக்குள் வந்து பார்க்க எந்த அதிகாரியாலும் முடியாது. அதைப் பார்க்க வேண்டியது வீட்டாரின் மனசாட்சி.

தறி ஒன்றும் அறிவில்லாத இடம் அன்று. கரையில் ஓடும் மயில்கண், ருத்ராட்சம் போன்ற கோலங்களைத் தறியின் மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகள் தீர்மானிக்கின்றன. துளை இருந்தால் இழை மேலே போகும்; இல்லாவிட்டால் கீழே நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களில் முழுக் கோலமும் எழுதப்பட்டிருக்கிறது. பிரான்சில் 1804ஆம் ஆண்டு வாக்கில் உருவான இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கணினியின் பாட்டன் தங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது என்று ஒரு பிள்ளை அறிந்துகொண்டால், பெற்றோரின் தொழில் மீது அதற்கு மதிப்பு பிறக்கும். அந்த அறிவை மறுப்பதும் ஒரு வகை அநீதியே.

ஆனால் இதே நல்ல பேச்சு ஒருமுறை தமிழகத்தைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோனது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தைப் பெரியாரும், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் இயக்கமும் எதிர்த்தன. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். கைத்தொழில் இழிவானது என்று எதிர்த்தவர்கள் சொல்லவில்லை. பிறப்பே பிள்ளையின் பாடத்திட்டத்தை எழுதக் கூடாது என்றார்கள். விடுமுறை என்ற வாசல் வழியாக அதே பாடத்திட்டம் திரும்ப வருமானால், அன்றைய வெற்றிக்குப் பொருளில்லை.

சின்ன விரல்களுக்குத்தான் நெளிவு சுளிவு வரும், இளமையில் பழகாவிட்டால் கலை அழிந்துவிடும் என்பது மற்றொரு வாதம். மனித உடலின் மெல்லிய நரம்பைத் தைக்கும் அறுவை மருத்துவர் இருபது வயதுக்கு மேல்தான் கத்தியைத் தொடுகிறார். ஆர்வமும் நல்ல ஆசானும் நியாயமான கூலியும் இருந்தால் பதினெட்டு வயதில் தொடங்குபவரும் நெசவாளர் ஆகலாம். கலை அழிகிறது என்றால், வளர்ந்தவர்கள் அதை விட்டுப் போகும் காரணத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்படியானால் கற்பதையும் உழைப்பதையும் எப்படிப் பிரிப்பது? ஒரே கேள்வி போதும். பிள்ளை எழுந்து விளையாடப் போனால் தறி நிற்குமா? நிற்காதென்றால் அது கற்றல். நாடா ஓட்ட ஆளில்லாமல் அன்றைய நெசவே நின்றுவிடும் என்றால், அங்கே இருப்பது கூலியில்லாத ஆள். மே மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்த ஆளை ஜூன் மாதம் எழுப்புவது எளிதில்லை. கொரோனா காலம் அதைக் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்குள் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்களில் பலர் அதை மறந்திருந்தார்கள்; வேலைக்குப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது.

இதில் நெசவாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்தும் ஒருவர் பிழைக்கும் அளவுக்கு மட்டுமே கூலி கொடுத்தால், இரண்டாவது ஆள் வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டியிருக்கும். பள்ளி மூடினால் காலை உணவும் மதிய உணவும் நின்றுபோகின்றன. அந்தச் செலவும் அதே கூலியின் தலையில் விழுகிறது. ஆகவே சேலையை விற்பவருக்கும் உடுத்துபவருக்கும் இந்தக் கேள்வியில் பங்குண்டு. பெரியவர் ஒருவர் துணைக்கு அமரும் கூலியையும் சேர்த்ததே அந்தச் சேலையின் நேர்மையான விலை.

தறியில்லாத வீடுகளும் தப்பிவிட முடியாது. மே மாதமே அடுத்த வகுப்புப் பாடத்தைத் திணிக்கும் சிறப்பு வகுப்பிலிருந்து பிள்ளை எழுந்தால் நிற்கப்போவது அதன் அறிவா, பெற்றோரின் கௌரவமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

செய்யத்தக்கது என்ன? கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் இருந்தது. கைகள் இலை சுருட்டும்போது காதுகள் சும்மாதானே இருக்கின்றன என்று, ஒருவர் உரக்கச் செய்தித்தாளும் நாவலும் படிப்பார். கேட்ட தொழிலாளர்களே அவருக்குக் கூலி கொடுத்தார்கள். நம் தறி வீடுகளிலும் பாவு (நெடுக்கிழை) பிணைக்கும் நேரத்தில் தறியின் ஓசை இராது. அதில் ஓர் அரை மணி நேரம் பிள்ளை கதைப் புத்தகமோ நாளிதழோ உரக்கப் படிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம், கேள்வி கேட்கலாம். வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்கு அழைத்துப் போகிறவர்கள், அப்படியே நூற்றுக்கால் மண்டபத்துச் சிற்பங்களின் முன் சற்று நேரம் நிற்கலாம். ஊராட்சி நூலகத்தை மே மாதம் முழுவதும் திறந்து வைக்கச் சொல்லி ஊரார் கேட்கலாம். மீதி நேரம் பிள்ளை விளையாடட்டும்.

ஜூன் மாதம் பள்ளி மணி அடிக்கும்போது, தறியோரத்து இடத்தைப் பற்றிய கவலை எதுவுமின்றி ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஓட வேண்டும். அந்த இடத்தில் உரிய கூலியோடு ஒரு பெரியவரை அமர்த்துவது நம் எல்லோரின் கடன்.