வேலி கட்ட வந்தவர்கள்

2020 ஜனவரி தொடக்கத்தில், ஆஸ்திரேலிய நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் காட்டுத்தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தீயணைப்புத் தொண்டர்களுக்காக ஃபேஸ்புக்கில் நிதி திரட்ட ஆரம்பித்தார். இலக்காக வைத்தது 30,000 டாலர். வந்து குவிந்ததோ 5 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்! தீயில் வீடிழந்தவர்களுக்கும், காயம்பட்ட கோலாக்களுக்கும் அதில் பங்கு போகும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் பணம் சேர்ந்தது நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் அறக்கட்டளையில். மற்ற அமைப்புகளுக்கு அதைப் பிரித்துத் தர அறக்கட்டளைப் பத்திரத்தில் இடமில்லை என்று அந்த ஆண்டு மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தப் பணம் வீண்போனது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் படையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்; சொந்த வேலையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் தீக்கு எதிரே நின்றவர்கள். 2019 டிசம்பரில், சாய்ந்து விழுந்த மரத்தில் மோதி வண்டி கவிழ்ந்ததில் இரண்டு இளம் தொண்டர்கள் இறந்துபோனார்கள். இருவருமே சின்னஞ்சிறு குழந்தைகளின் தந்தையர். அவர்களில் ஒருவரின் இறுதிச் சடங்கில், வாயில் ரப்பர் சூப்பானோடு நின்ற மகனின் சட்டையில் அப்பாவுக்குரிய பதக்கத்தைப் படையின் ஆணையர் மண்டியிட்டுக் குத்திவிட்டார். அந்தக் காட்சியின் படத்தைப் பார்த்தவர்கள் கொடுத்த காசு நியாயமான காசுதான். ஆனால் வீடிழந்தவரின் தேவையை யார் கேட்டது?

‘கருங்கோடை’ என்று அழைக்கப்படும் அந்தப் பருவத்தின் அழிவு சாதாரணமானதல்ல. 2019தான் ஆஸ்திரேலியாவில் பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானது, மிக வறண்டதும்கூட. எரிந்த நிலம் சுமார் 2.4 கோடி ஹெக்டேர். அழிந்த வீடுகள் 3,000க்கு மேல். தீயில் 33 பேர் மாண்டார்கள். புகையால் இறந்தவர்கள் 400க்கும் மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். டிசம்பர் 31 காலை, மல்லக்கூட்டா என்ற கடலோரச் சிற்றூரில் ஏறத்தாழ 4,000 பேர் நீர்க்கரையில் ஒதுங்கி நிற்க, பகல் வானம் இருண்டு பிறகு ரத்தச் சிவப்பானது. சாலைகள் அடைபட்டிருந்ததால் சில நாள் கழித்துக் கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது.

இப்படியொரு காட்சியைப் பார்த்ததும் கைக்குக் கிடைத்ததை அனுப்பத் தோன்றுவது மனித இயல்பு. அந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்நாடு முன்பே பார்த்திருந்தது. 173 உயிர்களைப் பலிகொண்ட 2009 பிப்ரவரி விக்டோரியா தீக்குப் பிறகு, துணிமணியும் பண்டபாத்திரமுமாக மலைபோல் குவிந்த நன்கொடைப் பொருள்களைப் பிரிக்கவும் அடுக்கவும் கிடங்குகளும் ஆட்களும் பெரும் பணமும் தேவைப்பட்டன. அனுப்பியவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் இருக்கக் கூரையே இல்லாதவர் மூட்டை மூட்டையாகப் பழைய துணியை எங்கே வைத்துக்கொள்வார்?

அதே 2009 தீயில்தான் வேறொரு வழியும் பிறந்தது. கில்மோர் ஈஸ்ட்டில் கெவின், ரோண்டா பட்லர் என்ற விவசாயத் தம்பதியின் பண்ணை வேலி எரிந்துபோனது. வேலி இல்லையென்றால் ஆடுமாடுகள் சாலைக்குப் போய்விடும். அவற்றைவிட்டு விவசாயி எங்கும் நகர முடியாது. குடும்பத்தாரும் நண்பர்களும் உள்ளூர்த் தொண்டர்களும் வந்து வேலி கட்டிக் கொடுத்தார்கள். அந்த உதவியை அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் கொண்டுபோனதில் உருவானதுதான் ‘பிளேஸ்எய்டு’. கருங்கோடைக்குப் பிறகும் அதன் தொண்டர்கள் ஊர் ஊராக முகாமிட்டார்கள். அவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். கருகிய கம்பியைச் சுருட்டி எடுத்து, புதுக் கம்பம் நட்டு, நடுவே விவசாயி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். பிறரிடம் கைநீட்டத் தயங்கும் மனிதருக்கும் கூடவே நின்று வேலைசெய்கிறவரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது.

சுற்றுலாவை நம்பிப் பிழைத்த ஊர்களுக்கு வேறு மாதிரி உதவி தேவைப்பட்டது. காலிக் குளிர்பெட்டியோடு போய், அந்த ஊர்க் கடைகளிலேயே வாங்கி நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றது ‘எம்ப்டி எஸ்கி’ இயக்கம். கடைக்காரருக்கு வியாபாரமும் நடந்தது, மானமும் காப்பாற்றப்பட்டது. ஆனால் மார்ச்சில் கொரோனா வந்து பயணங்களை நிறுத்தியது; உலகத்தின் கண்ணும் வேறுபக்கம் திரும்பியது.

பாதிக்கப்பட்டவர்களின் காலம் அப்படித் திரும்பிவிடுவதில்லை. 2009 தீயைத் தொடர்ந்து ஆராய்ந்த மெல்பர்ன் பல்கலைக்கழகக் குழு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஐந்து ஆண்டு கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கலின் அறிகுறிகள் இருப்பதைக் கண்டது. பெரும்பாலோர் தேறிவந்தார்கள் என்பதும், உள்ளூர்க் குழுக்களில் சேர்ந்து இயங்கியவர்கள் பொதுவாக மேலான நிலையில் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வு சொன்ன நல்ல செய்தி.

ஆகவே அடுத்த முறை எங்கோ காடு எரியும் செய்தி வரும்போது, பணம் அனுப்ப நினைப்பவர் அது எந்தக் கணக்கில், எந்த நோக்கத்துக்காகச் சேர்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிடலாம். தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால், என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேட்கலாம். கொடுக்க நினைத்ததில் பாதியை இப்போதும், மீதியை ஆறு மாதம் கழித்தும் அனுப்பலாம். காப்பீட்டு நிறுவனத்தோடு இழுபறி, கட்டட அனுமதி, வாடகை வீட்டு முன்பணம் என்று செலவுகள் வரிசைகட்டி நிற்பது அப்போதுதான்.